மூன்று அங்குலம்

"நான் மூணு அங்குலம் வளரலாம்னு இருக்கேனுங்க, சாமியம்மா."

இதைச் சொன்ன நவநீதனுக்கு முப்பத்திரண்டு வயது. வளர்கிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

குன்றடி மடத்துச் சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நவநீதனைவிட அவர் இரண்டு வயது இளையவர். ஒரு தலை உயரம். இவ்வளவு உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாமல்தான் சாமியாராகிவிட்டது என்று ஒரு காலத்தில் பேசின வாய்கள், இப்போது அவரிடம் வரிசையில் நின்று திருநீறு வாங்குகின்றன. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கொங்கு வழக்கப்படி எல்லோருக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசுவார். சிஷ்யனுக்கும் அதே மரியாதைதான்.

"எப்படி வளர்வீங்க?"

"ஆபரேசனுங்க. கால் எலும்பை வெட்டி, உள்ள கம்பி வெச்சு, தெனமும் கடுகளவு கடுகளவா விலக்கிட்டே வருவாங்க. நடுவுல புது எலும்பு வளர்ந்துக்குமாம்."

"வலிக்குமா?"

"வலிக்காம இருக்குமாங்க? மாசக்கணக்குல படுக்கணும். அப்பறம் மறுபடியும் நடக்கப் பழகணும்."

"சரி."

"செஞ்சுக்கலாமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா முடிச்சிடலாம்."

சாமியம்மா ஒரு பூச்சித் தழையைத் தூக்கி எறிந்தார்.

"எதுக்கு மூணு அங்குலம்?"

நவநீதன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அவனைக் குனிந்து பார்த்து 'சார்' என்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று போன மாதம் நடந்தது.

"பொண்ணு பார்க்கப் போனேனுங்க. பொண்ணோட தாய்மாமன், 'ரெண்டு பேரும் முதுகை ஒட்டி நில்லுங்க'ன்னாரு. நின்னோம். பழத்தட்டை எடுத்து ரெண்டு பேர் தலை மேலயும் வெச்சாரு."

"ம்."

"தட்டு என் பக்கம் சாஞ்சிருச்சு. ஒரு ஆப்பிள் உருண்டு வந்து என் காலடியில விழுந்துச்சு. வீடே சிரிச்சுதுங்க."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் சிரிச்சுது."

மற்றவர்கள் சிரித்ததை அவன் மன்னித்துவிட்டான். அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம்.

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நவநீதனுக்குத் தோன்றியது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க உயரமாப் பொறந்துட்டீங்க. குட்டையா இருக்கறவனோட நோவு உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தெரியாதுங்க" என்றார் சாமியம்மா. "ஈஸ்வரமூர்த்தியைக் கேட்டீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி நவநீதனோடு ஒன்றாகப் படித்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வை. இருவரும் அச்சு அசல் ஒரே உயரம் இருந்தார்கள். அவன் முந்தியே அந்த ஆபரேசனைச் செய்துகொண்டுவிட்டான். இப்போது நவநீதனைவிட மூன்று அங்குலம் அதிகம்.

"கேட்டேனுங்க. நல்லா இருக்குன்னான்."

"அவரு பொய் சொல்ற ஆளில்லையே."

"அப்படின்னா செஞ்சுக்கலாங்களா?"

"ஆஸ்பத்திரிக்கு எப்பச் சொல்லணும்?"

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாளுங்க."

"அப்ப உத்திரம் முடியட்டும். சப்பரம் தூக்க வந்துருங்க."

நவநீதன் கும்பிட்டுவிட்டு எழுந்தான். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு பிகு எதற்கு?

*

அந்தக் குன்றில் ஒரு வழக்கம் உண்டு.

உத்திரத்தன்று முருகனைச் சப்பரத்தில் வைத்து, அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் படிவழியே தூக்கிப் போவார்கள். சாமிக்கு முன்னால் ஒரு செம்பு நிறையப் பால் இருக்கும். விளிம்பு வரைக்கும் நிறைத்த பால். மூடி கிடையாது. மேலே போனதும் அந்தப் பாலில்தான் அபிஷேகம்.

வழியில் பால் சிந்தினால் திரும்பி அடிவாரத்துக்கே வரவேண்டும். மறுபடியும் நிறைத்து, மறுபடியும் முதல் படியிலிருந்து.

படி ஏறும்போது முன்பக்கம் தானாக உயரும். அதனால் முன்தண்டைக் குட்டையானவர்கள் பிடிப்பார்கள், பின்தண்டை நெட்டையானவர்கள். அப்போதுதான் சாமி சாயாது. இது அங்கே சப்பரம் தூக்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பின்தண்டில் ஒரு பக்கம் மடத்தின் தலைமைக்கு உரியது. சாமியம்மா அங்கே நின்றார். இன்னொரு பக்கம் பூசாரி காளியண்ணன், அவரும் நெட்டைதான்.

முன்தண்டு எப்போதும் நவநீதனுக்கும் ஈஸ்வரமூர்த்திக்கும்தான். ஈஸ்வரமூர்த்தி படுக்கையில் கிடந்த வருஷம் அவனுடைய சித்தப்பா அந்த இடத்தில் நின்றார். இந்த வருஷம் அவனே வந்துவிட்டான். ஊரே அவனை அவன் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அது அவன் குடும்பத்து முறை. முறையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

"அரோகரா!"

சப்பரம் எழுந்தது. எழுந்ததும் நவநீதன் பக்கம் சாய்ந்தது.

இரண்டாவது படியிலேயே பால் கொட்டியது. அவன் தலையில், தோளில், சட்டையில்லாத முதுகில்.

சப்பரத்தை அடிவாரத்துக்கே திருப்பினார்கள். யாரோ "சகுனம் சரியில்லையே" என்றார். இன்னொருவர் உரக்கவே சொன்னார்: "நவநீதனை எடுத்துட்டு வேற ஆளைப் போடுங்கப்பா. குட்டையா இருந்தா சப்பரம் சாயத்தானே செய்யும்?"

ஈஸ்வரமூர்த்திக்கு முகம் செத்துவிட்டது.

"அவனை ஏன் எடுக்கறீங்க? மாறிப்போனது நான். நான் வேணா முழங்காலை மடக்கிக்கிட்டே வர்றேன்."

மடக்கிப் பார்த்தான். சமதரையிலேயே அவன் தொடை நடுங்கியது. சட்டென்று நிமிர்ந்துகொண்டான்.

நவநீதன் பால் வழிய நின்றான். உள்ளுக்குள் ஒரு கசப்பான நிம்மதி. பழத்தட்டும் சாய்ந்தது, சாமியும் சாய்ந்தது. இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடலாம்.

"எவ்வளவு குறையுது?" என்றார் சாமியம்மா, பின்னாலிருந்து.

"என்னங்க?"

"தண்டைச் சமமாப் பிடிச்சா, தண்டுக்கும் தோளுக்கும் நடுவுல. எவ்வளவு?"

அவன் தண்டைச் சமமாகத் தூக்கிப் பிடித்து, இடையில் கையை நுழைத்துப் பார்த்தான். "மூணு அங்குலம் இருக்குமுங்க."

"இடுப்புல துண்டு கட்டியிருக்கீங்களே. அதை மடிச்சுத் தோள்ல வையுங்க."

பூசாரி பதறிப்போனார். "சாமியம்மா! சாமி முன்னால தோள்ல துண்டா? எந்தக் காலத்துலயாச்சும் நடந்திருக்குதுங்களா?"

அத்தனை ஆண்பிள்ளைகளும் இடுப்பில் துண்டோடு நின்றார்கள். அதுதான் சாமிக்கு மரியாதை; ஒருத்தருக்கும் இந்த யோசனை தோன்றாமல் போனது அதனால்தான்.

"முன்னால எங்க போடறோம்?" என்றார் சாமியம்மா. "சாமிக்குக் கீழ போடறோம்."

பூசாரி தலையை ஆட்டிச் சம்மதித்தார்.

நவநீதன் துண்டை அவிழ்த்து மடித்தான். போதவில்லை. இன்னொரு மடிப்பு மடித்தான். தோளில் வைத்தான். தண்டு வந்து அதன்மேல் பொருந்தி உட்கார்ந்தது.

செம்பை மறுபடியும் நிறைத்தார்கள். சப்பரத்தைத் தூக்கினார்கள். இப்போது பக்கவாட்டில் சரியாக இருந்தது. ஆனால் முன்பக்கம் வழக்கத்தைவிட ஏறிவிட்டது. படி ஏறினால் பால் பின்னால் கொட்டும்.

"பூசாரியண்ணா, உங்க துண்டையும் மடியுங்க" என்றார் சாமியம்மா.

தன் காவி மேல்துணியை எடுத்து அவரும் மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. தோளில் வைத்துத் தண்டைத் தாங்கிப் பார்த்தார்.

"எனக்கும் குறையுது பாருங்க" என்றார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நவநீதன் திரும்பிப் பார்க்க முடியாது. முதல் படி ஏறும்போது அவனுக்கும் சிரிப்பு வந்தது. செம்பை நினைத்து அடக்கிக்கொண்டான்.

*

மெதுவாகத்தான் ஏறினார்கள். ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்த பிறகே அடுத்த படிக்குப் போனான். நவநீதன் அவன் காலைப் பார்த்துத் தன் காலை எடுத்து வைத்தான்.

பாதி வழியில் சுமைதாங்கிக் கல் இருக்கிறது. சப்பரத்தை அதன்மேல் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

"மாப்ளே, மெய்யாலுமே சொல்லு" என்றான் நவநீதன் தணிந்த குரலில். "செஞ்சது சரிதானா?"

"சமதரையில கேட்டிருந்தீன்னா சரின்னிருப்பேன். நீ படியில வெச்சுக் கேக்கறே."

"விளையாடாதே. எனக்கு நாளைக்குச் சொல்லணும்."

ஈஸ்வரமூர்த்தி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"கண்ணாடி பார்க்கவே புடிக்காம இருந்தவன் நான். அது உனக்குத் தெரியாது, யாருகிட்டயும் சொன்னதில்லை. இப்பப் பார்க்கறேன். சீப்பு எடுத்துத் தலை வாரிக்கறேன். அதுக்கு என்ன குடுத்தேன்னும் எனக்குத் தெரியும். எனக்குக் கட்டுபடியாச்சு."

"எனக்கு?"

"உனக்குக் கண்ணாடி புடிக்குமா?"

நவநீதன் யோசித்தான். காலையில் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

"தூக்குங்கப்பா" என்றார் பூசாரி.

*

உச்சியில் செம்பை இறக்கிப் பார்த்தார்கள். விளிம்பு வரைக்கும் பால் அப்படியே இருந்தது. ஜனங்கள் அரோகரா போட்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். பால் சிந்தாமல் வந்தால் அழுவது அங்கே வழக்கம்.

ஈஸ்வரமூர்த்தி கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டான். அவன் முகம் நிறைந்திருந்தது. சாமியம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நவநீதன் தோளில் இருந்த துண்டை எடுத்து, உதறி, முகத்தைத் துடைத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அபிஷேகம் ஆரம்பிக்க வேண்டும். பூசாரி காளியண்ணன் தட்டைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கைமணி! பால் கொட்டின களேபரத்துல அடிவாரத்துலயே விட்டுட்டு வந்துட்டேனே!"

மணி இல்லாமல் அபிஷேகம் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். உச்சி வெயில். ஏறிவந்த களைப்பு. யாரை அனுப்புவது என்று பூசாரி வாயெடுப்பதற்குள் ஒரு ஆள் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

இறங்கினான் என்பது சரியில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் போனான். வளைவுகளில் கைப்பிடிச் சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பினான். வழியில் ஏறிவந்துகொண்டிருந்த பெரியவர்கள் "பார்த்துப் போ கண்ணு" என்று ஒதுங்கினார்கள். கீழே போய் மணியை எடுத்தான். நாக்கு ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு மூச்சு நின்றான். அப்புறம் அதே வேகத்தில் மேலே.

பாதியில் சுமைதாங்கிக் கல் வந்தது. நிற்கத் தோன்றவில்லை.

பாலில் ஊறிய முதுகில் காற்று பட்டது. நன்றாக இருந்தது. போன மாதத்துக்குப் பிறகு எதுவும் அவனுக்கு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

உச்சிக்கு வந்து மணியைப் பூசாரியிடம் நீட்டினான். விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அதுக்குள்ளயா!" என்றார் பூசாரி.

சாமியம்மா மேல்துணியைப் போர்த்திக்கொண்டு அவன் பக்கமாக வந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்னீங்களே."

"ஆமாங்க."

"எந்தக் காலை வெட்டறாங்க?"

"ரெண்டையுமுங்க."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது.

குனிந்து பார்த்தான். இரண்டும் புழுதியோடு, நரம்பு புடைத்து, படியில் நின்றன. ஒன்று இன்னும் லேசாகத் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கியது. அதை அவன் மறைக்கவில்லை.

சாமியம்மா அபிஷேகத்துக்குப் பாலை எடுக்கப் போனார்.

நவநீதன் பூசாரி பக்கம் திரும்பினான்.

"பூசாரியண்ணா, வேற ஏதாச்சும் கீழ மறந்துட்டு வந்தீங்களாங்க?"