அம்மன் போட்ட வழக்கு

வேம்பாற்றூரை ஆண்ட கண்டியதேவரிடம் ஓர் ஓலைநாயகம் இருந்தார். அனந்தபாலர் என்று பெயர். நாட்டின் வழக்கோலைகள் எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார். அந்தக் கழுத்துக்கு மேலே இருந்ததை அவர் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை.

அந்த மகானின் ஏற்பாட்டைக் கேளுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி எவனாவது வழக்குப் போட்டால், புகார் ஓலை குடியிருப்பவர் பெயரில் ஓர் ஓலைக்கட்டுக்குள் ஏறும். தீர்ப்பு ஓலையோ நீதிபதி பெயரில் வேறொரு கட்டுக்குள், வேறொரு அறையில் தூங்கும். வாடகைக்கு விடுகிறவர்கள் வந்து ஒரு பெயரைச் சொன்னால் புகாரை மட்டும் வாசித்துக் காட்டுவார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவனும் கிடையாது, சொல்பவனும் கிடையாது.

அவல் இடித்து விற்கும் செம்பாயி இதில்தான் மாட்டிக்கொண்டாள். அவள் உலக்கை இடித்து இடித்துச் சுவர் பிளந்துவிட்டதாக வீட்டுக்காரன் சிங்கமுத்து வழக்குப் போட்டான். நீதிபதி நேரில் வந்து பார்த்தார். சுவரைப் பிளந்தது அரசமரத்து வேர். வழக்குத் தள்ளுபடி. அடுத்த மழைக்கு அதே வேர் வீட்டையே சாய்த்துவிட்டது.

இரண்டு பெண்பிள்ளைகளோடு சத்திரத்தில் ஒதுங்கினாள். ஊரில் ஒருவரும் வீடு தரவில்லை. எல்லோரும் ஓலையைக் கேட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினார்கள். ஆடிப்பெருக்குக் கூட்டம் வரப்போகிறது, இடத்தை விடு என்று சத்திரக்காரனும் விரட்டத் தொடங்கினான்.

அரசவையில் மருதையன் என்று ஒருவன். மாட்டுச்சந்தையில் தரகு பேசிப் பேசியே முன்னுக்கு வந்தவன். செம்பாயி அவனிடம் அழுததும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே ஓலைநாயகத்திடம் போனான்.

"ஐயா, ஜெயித்தவள் பெயர் ஏன் இன்னும் புகார்க் கட்டுக்குள் கிடக்கிறது? எடுத்துப் போடுமே!"

"ஓய் மருதையரே, விதி தெரியாமல் பேசாதீர். வழக்குப் போட்டவர் சம்மதித்தால்தான் ஓலையை நீக்கலாம்."

"பொய் வழக்குப் போட்டவன் சம்மதிப்பானா?"

"அது என் வேலை இல்லை."

"உம் வேலைதான் என்ன?"

"ஓலையைக் காப்பது."

"அதற்குக் கரையானே போதுமே ஐயா! சம்பளமும் கேட்காது."

அரசரிடம் முறையிட்டான். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குற்றமில்லாதவளை ஓர் ஓலை என்ன செய்துவிடும் மருதையா? இதற்கெல்லாம் அவையைக் கூட்டாதே."

'அப்படியா சேதி?' என்று மருதையன் பல்லைக் கடித்தான்.

அரண்மனை நின்றது அம்மன் கோயில் நிலத்தில். மனைவாடகையாகத் தை முதல்நாள் பூசைக்கு அரசர் ஒரு மாலை அனுப்புவது வழக்கம். அந்த வருஷம் மாலை பூசை முடிந்த பிறகுதான் வந்திருந்தது. கோயில் காரியம் பார்ப்பவனும் மருதையன்தான். விடுவானா? அம்மன் சார்பில் வழக்குப் போட்டான்: 'மாலை தாமதம். கண்டியதேவர் அரண்மனையைக் காலி செய்ய வேண்டும்.'

நீதிபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தள்ளுபடி செய்தார். அரசரும் சிரித்தார். "பயலுக்குப் பொழுது போகவில்லை" என்றார். புகார் ஓலை போகவேண்டிய கட்டுக்குப் போயிற்று.

ஆடி நெருங்கியது. வருஷந்தோறும் ஆடிப்பெருக்குக்கு அரசர் பக்கத்து நாட்டு வணிகர் ஒருவரின் ஆற்றங்கரை மாளிகையில்தான் தங்குவார். இந்த முறை அங்கிருந்து வந்த ஆள் அவையில் நெளிந்தான்.

"என்னப்பா, மாளிகை தயாரா?"

"மன்னிக்கணும் மகாராசா. எங்க எசமான் புதுசா ஒரு கணக்கரை வச்சிருக்காரு. அவரு இங்க வந்து ஓலையைக் கேட்டுட்டாரு. நீங்க குடிபுகுந்தா காலி பண்ண மாட்டீங்களாம். பழைய வீட்டுக்காரம்மா வழக்கே போட்டிருக்காங்களாம்."

அரசரின் மீசை துடித்தது. "அந்த வழக்குத்தான் தள்ளுபடி ஆயிற்றே!"

"அது அந்த ஓலையில இல்லீங்களே."

"அனந்தபாலரே! அதைக் கொண்டுவந்து கொளுத்தும்!"

ஓலைநாயகம் இரண்டடி பின்வாங்கினார். "அரசே... வழக்குப் போட்டவர் சம்மதம் வேண்டும். போட்டது... அம்மன்."

அரசர் மருதையன் பக்கம் திரும்பினார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மருதையா, அம்மனைச் சம்மதிக்க வை."

"குற்றமில்லாதவரை ஓர் ஓலை என்ன செய்துவிடும் அரசே?"

அரசரின் முகம் சிவந்தது, பிறகு தொங்கியது. மருதையன் சந்தையில் பேரம் படிய வைக்கும் குரலில் பேசினான்: "அம்மன் சம்மதிப்பாள். அவளுக்கு ஒரு விதியை மட்டும் மாற்றித் தாருங்கள். தள்ளுபடியான வழக்கின் ஓலை, யார் சம்மதமும் கேட்காமல் கட்டைவிட்டு வெளியேற வேண்டும்."

"தந்தேன். எழுதுங்கள், இப்போதே! முதலில் என் ஓலையை எடுங்கள்."

அப்போதாவது அனந்தபாலர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழக்க தோஷம் விடுமா? "அரசே, எதையும் வந்த வரிசைப்படி எடுப்பதுதான் முறை" என்றார்.

மருதையன் துள்ளினான். "ஆகா, ஓலைநாயகமே சொல்லிவிட்டார்! மகாராசாவின் ஓலைதான் கடைசியாக வந்தது. அதற்கு முன்னால் செம்பாயி இருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஊரில் பாதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பைத் தேடி எடுத்து ஒப்பிட்டாக வேண்டும்."

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "அனந்தபாலரே, ஆடிப்பெருக்குக்குள் என் ஓலை வெளியே வர வேண்டும். உம் கையாலேயே எடும். அதுவரை வீட்டுக்குப் போகாதீர்!"

நாலைந்து நாளில் செம்பாயியின் முறை வந்து, அவள் ஓலையும் வெளியே வந்தது. கதவைச் சாத்தியவர்களே கூப்பிட்டு வீடு காட்டினார்கள். அவள் நல்ல கிணறு உள்ள வீடாகப் பார்த்துக் குடிபுகுந்தாள்.

"மருதையா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!" என்றார் அரசர்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம் அரசே. ஓலை அறை வாசலில் ஒரு மணை போடச் சொல்லுங்கள். ஓலைநாயகம் முதன்முதலாக வேலை செய்கிறார், உட்கார்ந்து பார்க்க வேண்டும்."