பவளாயி மறைத்த மாலைக்கண்

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஒரு புளியமரம். அதில் பவளாயி என்ற குரங்கு தன் குட்டி தொத்தானோடு வாழ்ந்தது. காரில் போகிறவர்கள் வீசும் பன்னும் பிஸ்கட்டும்தான் இரண்டுக்கும் சாப்பாடு. அதில் பவளாயிக்கு என்ன பெருமை என்கிறீர்கள்!

பக்கத்து மரத்தில் சடைச்சி என்ற கருமந்தி கொழுந்து இலை மெல்லும். "ஏய் தழைதின்னி! என் பிள்ளை வாயில தழையே படாது, தெரியுமா?" என்று பவளாயி கேலி பேசும். ஒருநாள் தொத்தான் பப்பாளிப் பழத்தைக் கடித்தபோது, பவளாயி அதையும் காட்டுத்தீனி என்று வாயிலிருந்தே பிடுங்கி எறிந்தது!

சில மாதம் போனது. பொழுது சாய்ந்தால் தொத்தான் இருந்த இடத்தைவிட்டு நகராது.

"வாடா இந்தப் பக்கம்! வீம்பா பிடிக்கிறே?" பவளாயி அதன் காதைத் திருகியது.

"வீம்பு இல்லேம்மா! கிளை எங்கே இருக்குன்னே தெரியலை!"

பவளாயிக்குப் புரிந்துவிட்டது. மாலைக்கண்! வெளியே தெரிந்தால் சடைச்சி சிரிக்காதா? மானம் போகாதா? "யார்கிட்டேயும் மூச்சு விடாதே!" என்று குட்டியை மிரட்டி வைத்தது. "பிள்ளை ஏன் ஒடுங்கிக் கிடக்கு?" என்று சடைச்சி கேட்டபோதும், "வயிறு முட்டத் தின்னுட்டான், வேறென்ன!" என்று கூசாமல் புளுகியது.

மறுநாள் அந்தியில் புளியமரத்தடிக்குச் சிறுத்தை வந்தது. குரங்குகள் அலறிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவின. பயத்தில் பவளாயியும் தாவிவிட்டது. தொத்தான் மட்டும் கிளையைக் கட்டிக்கொண்டு நடுங்கியது. சிறுத்தை ஏறத் தொடங்கியது.

"தாவுடா!" என்று எல்லாம் கத்தின. பவளாயி சுற்றிலும் பார்த்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சிறுத்தை பாதி மரம் ஏறிவிட்டது.

"ஐயோ, அவனுக்குக் கண்ணு தெரியாது! யாராவது காப்பாத்துங்க!"

பக்கத்துக் கிளையிலிருந்த சடைச்சி ஒரே பாய்ச்சலில் குட்டியை அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஏமாந்த சிறுத்தை இறங்கிப் போய்விட்டது.

"கண்ணு தெரியலைன்னு நீயாவது கத்தக்கூடாதாடா, தங்கம்?" என்று சடைச்சி கேட்டது.

"அம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு" என்றது தொத்தான்.

அத்தனை குரங்குகளும் பவளாயியைப் பார்த்தன. அதற்கு உடம்பெல்லாம் கூசியது. சடைச்சி சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கும், அது சிரிக்கவில்லை.

"பச்சைத் தழையும் மஞ்சள் பழமும் போகாத வயிறு, பவளாயி. கண்ணு எப்படித் தெரியும்?" என்று மட்டும் சொன்னது.

"என் கையாலே பிள்ளை கண்ணைக் கெடுத்தேனே! எந்தத் தழைன்னு காட்டு, சடைச்சி" என்று பவளாயி தலை குனிந்தபடியே கேட்டது.

கீரை, பப்பாளி, மாம்பழம் என வைட்டமின் ஏ உள்ள உணவைப் பிள்ளைக்குக் கொடுக்காதது அறியாமை. பார்வை மங்கியது தெரிந்தும் மானத்துக்குப் பயந்து மறைப்பது பெருங்குற்றம்.