உலகத்தரம் வாய்ந்த மாப்பிள்ளை

கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கும் சென்னியப்பனுக்கு அடைமொழி இல்லாவிட்டால் சோறு இறங்காது. புதுக் கிரைண்டருக்கான செய்திக்குறிப்பை அவரே சொல்லச் சொல்ல, விளம்பரப் பிரிவில் இருக்கும் கோகிலவாணி டைப் அடித்து அனுப்பினாள். ஒரு பத்திரிகையும் போடவில்லை.

"அதே குறிப்பு நாளைக்குப் பேப்பர்ல வரணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது. வரலைன்னா நீ வேற வேலை பார்த்துக்க, அம்மிணி."

"சரிங்க," என்று கையிலிருந்த தாளைப் பிரித்தாள். "அதுக்கு முன்னாடி, நம்ம பாப்பாவுக்கு ஒரு வரன் வந்திருக்குதுங்க. படிக்கட்டுங்களா?"

மகளுக்கு வருஷக்கணக்காக மாப்பிள்ளை தேடும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உலகத்தரம் வாய்ந்த, புரட்சிகரமான மாப்பிள்ளை. ஈடு இணையற்றவர். இல்லத்தரசிகளின் ஏகோபித்த வரவேற்பைப் பெற்றவர்."

சென்னியப்பன் முகத்தைச் சுளித்தார். "பையன் என்ன படிச்சிருக்கான்? எங்க வேலை?"

"அதெல்லாம் எழுதலீங்க."

"அப்ப ஏதோ கோளாறு. சொல்லிக்க ஒண்ணுமில்லாதவன்தான் இப்படி அளப்பான். குப்பையில போடு."

போட்டாள். "பேப்பர்காரங்களும் இதையேதாங்க பண்ணினாங்க. அது நம்ம குறிப்புங்க. கிரைண்டர்னு வந்த இடத்துல மாப்பிள்ளைன்னு படிச்சேன்."

சென்னியப்பன் கூடையை எட்டிப் பார்த்தார். தாளின் தலையில் அவர் கம்பெனி பெயர்தான் இருந்தது.

"எழுதிக்க," என்றார் கடைசியில். "ரெண்டு லிட்டர் பிடிக்கும். கரண்ட் கம்மியா இழுக்கும். சத்தம் கொஞ்சம் வரும்."

"சத்தத்தையும் எழுதட்டுங்களா?"

"எழுது. கட்டிக் குடுத்த பின்னாடி தெரிஞ்சா, யாரு பேச்சு வாங்கறது?"