முப்பத்திரண்டாம் பக்கத்துப் பிழை

எங்கள் ஆசிரமத்துச் சாமியின் எண்பதாவது பிறந்த நாளுக்கு நாங்கள் போட்ட புத்தகத்தில், முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருப்பதாக இதுவரை பதினேழு பேர் சொல்லிவிட்டார்கள். தலைப்பில் 'அ' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. பிறகு முற்றுப்புள்ளி.

அச்சகத்தைத் திட்ட வேண்டாம். அந்த இடத்தை எப்படியாவது நிரப்பச் சொல்லி அச்சகத்துக்காரர் மூன்று முறை போன் செய்தார். வேண்டாம் என்று சொன்னவர் உலகநாதன். மதுரையில் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர். ஓட்டல் பலகையில் 'பறோட்டா' என்று இருந்தால் உள்ளே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் விடச் சொன்ன இடம் அது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரையில் எங்கள் மேலத்தோப்பு ஆசிரமம். சாமி அன்றாடம் என்ன செய்வார், எப்படி இருப்பார், என்ன சொல்வார் என்று அவரோடு பழகியவர்களைக் கேட்டு எழுதும் வேலையை எனக்கும் உலகநாதனுக்கும் கொடுத்திருந்தார்கள். நான் பேச்சுக் கொடுப்பேன். அவர் எழுதுவார். அவர் பேச்சுக் கொடுத்தால் சொல்கிறவர்களின் வாயிலேயே திருத்தம் போட ஆரம்பித்துவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு.

நிறையக் கிடைத்தது. சாமி பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். துண்டை நாலாக மடித்து ஜன்னலில் வைப்பார். எவ்வளவு பெரிய துயரத்தோடு வந்தவரானாலும் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்பார். மத்தியானம் மூன்று மணியிலிருந்து சாயங்காலம் வரை யார் கண்ணிலும் படமாட்டார். அது நிஷ்டை நேரம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை ஒன்பதாம் பக்கத்தில் போட்டோம்.

தையல்கடை மாசானமுத்து சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. சாமி இடப்பக்கத்துப் பல்லால் எதையும் மெல்வதில்லை. உடம்பில் இடப்பாகம் அம்மைக்கு உரியது, அதனால் அந்தப் பக்கத்தைச் சாமி தன் வயிற்றுக்கு வேலை வாங்குவதில்லை என்றார் மாசானமுத்து. எங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் ஒரு வாரம் வலப்பக்கமாகவே மென்று பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது உலகநாதனின் சொந்த அனுபவம். அதற்குத்தான் முப்பத்திரண்டாம் பக்கத்தை ஒதுக்கியிருந்தோம்.

உலகநாதன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிழை. அதைப் பந்தலில், சம்பந்தி வீட்டார் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார். தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். வேலையிலும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போக இடமில்லாமல், பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் இங்கே வந்து, "நான் இனி என்ன செய்யணும் சாமி?" என்று கேட்டார்.

சாமி ஒரே ஒரு சொல் சொன்னார். அறி.

மற்றவர்களுக்கு அரை மணி நேரம் சொல்வதை இவருக்கு இரண்டே எழுத்தில் சொல்லிவிட்டார் என்று ஆசிரமமே பேசிக்கொண்டது. அன்றிலிருந்து விடியற்காலையில் மூன்று மணி நேரம் நாவல் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார் உலகநாதன். புதிதாக வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து அவரைக் காட்டுவோம். மூன்றாவது வருஷம் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். தம்பியின் பதிலில் நாலு பிழை இருந்தது. அவற்றைத் திருத்தாமல் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். என்னிடம் மட்டும் காட்டினார். அவருக்கு அது பெரிய விஷயம்.

புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். பட்டியலில் கடைசியாகப் பாக்கியிருந்தது அடுப்படியில் இருக்கும் சங்கரவடிவு ஒருவர்தான். அவர் வெளியே வருவதே இல்லை, நாங்களும் உள்ளே போனதில்லை. எனக்குத் தெரிந்து உலகநாதன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. மணி அடித்தால் இலைக்கு முன்னால் இருப்பார், அவ்வளவுதான்.

சங்கரவடிவு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நான் விடாமல், சாமி இடப்பக்கம் மெல்லாததைப் பற்றிக் கேட்டேன். மாசானமுத்து சொன்ன விளக்கத்தையும் சொன்னேன். அரிவாள்மணையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"அம்மையும் இல்ல, அப்பனும் இல்ல மாஸ்டர். நான் வச்ச சோத்துல கல்லு கடிச்சு ஒடஞ்ச பல்லு அது."

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமாம். நூறு பேருக்குச் சமையல். அவசரத்தில் அரிசியை அரிக்காமல் உலையில் போட்டுவிட்டார். சாமி முதல் வாயிலேயே கையை நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மீதியைச் சாப்பிட்டாராம். இவர் பின்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சாமியே அங்கு வந்து தரையில் உட்கார்ந்து, ராத்திரிக்கு ஊறிக்கொண்டிருந்த அரிசியை இழுத்து வைத்துக்கொண்டு, எப்படி அரிப்பது என்று காட்டிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பம் பாத்து ஒருத்தர் பையும் கையுமா வாசல்ல வந்து நின்னாவ. நான் இனி என்ன செய்யணும்னு கேட்டாவ. சாமி இன்னொரு சட்டியை எடுத்து அவிய பக்கமா நீட்டி, 'அரி'ன்னாவ. அவியளானா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, விறுவிறுன்னு போய்ட்டாவ. நீட்டுன சட்டி நீட்டுனபடி இருக்கு."

பிறகு உலகநாதனைப் பார்த்து, ரொம்ப நாள் சந்தேகத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"நானும் கேக்கணும் கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு ஏன் அண்ணாச்சி சட்டிய வாங்காமப் போனிய?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

உலகநாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாமி சொன்னது சின்ன ரியா, பெரிய றியா?"

தான் படித்தது மூன்றாம் வகுப்பு என்றும், அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, சங்கரவடிவு கத்தரிக்காய்க்குத் திரும்பிவிட்டார்.

பெரிய ற போட்டால் தெரிந்துகொள். சின்ன ர போட்டால் அரிசியைத் தண்ணீரில் சுழற்றிக் கல்லை நீக்கு. எழுதினால்தான் வேறு வேறு. எங்கள் ஊர் வாயில் இரண்டும் ஒன்று. முப்பத்தொரு வருஷம் கண்ணால் பிழை பிடித்தவர், அன்றைக்குக் காதால் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அவர் அறைக்குப் போனபோது பையில் வேட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷம் ஒரு எழுத்துப் பிழை மேல உக்காந்திருக்கேன் மாஸ்டர்."

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. முப்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். அஞ்சு மணி பஸ்ஸில் மதுரைக்குப் போவதாகச் சொன்னார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். நம் ஆசிரமத்துக்கு வைத்தியம் பார்க்க வரும் வைஷ்ணவ டாக்டர் அந்த இடத்தில் நின்றிருந்தால் 'ஹரி' என்று வாங்கிக்கொண்டு நாமம் ஜபித்திருப்பார் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் பையின் ஜிப்பை இழுத்தார்.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் அவர். நாவல் மரத்தடியில் அவர் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சாமியிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். அதற்கு ஒப்புக்கொண்டார்.

மணி மூன்று. நிஷ்டை நேரம். ஆனாலும் போய்க் கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. நாலாக மடித்த துண்டுகூட ஜன்னலில் இல்லை.

ஆசிரமம் முழுக்கத் தேடினோம். கடைசியில் அடுப்படிப் பின்கட்டில் இருந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அண்டா நிறைய ஊறிய அரிசிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு மண்சட்டியில் அரித்துக்கொண்டிருந்தார். எதிரே சங்கரவடிவு. நடுவில் இன்னொரு மண்சட்டி, யாரும் தொடாமல் கவிழ்த்து வைத்திருந்தது.

தினமும் இந்த நேரம் சாமி இங்கேதான் இருப்பார் என்று சங்கரவடிவு சாதாரணமாகச் சொன்னார். கல் கடித்த அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லையாம். இன்னொரு சட்டி எதற்கு என்று கேட்டேன். தினமும் அதையும் எடுத்து வைக்கச் சொல்வார், எதற்கென்று தான் கேட்டதில்லை என்றார். எனக்கு ஒன்பதாம் பக்கம் ஞாபகம் வந்தது.

உலகநாதன் பையோடு வாசலில் நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னார்.

"பதினோரு வருஷம் தப்பா உக்காந்துட்டேன் சாமி."

"நல்லா உக்காந்தியா?"

"நல்லாத்தான் உக்காந்தேன்."

"பொறவு என்ன? பஸ் எத்தன மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு."

சாமி கவிழ்த்திருந்த சட்டியை நிமிர்த்தி, அவர் பக்கமாக நீட்டினார். இந்தத் தடவை உலகநாதனின் கண் திறந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்கு அரிக்கத் தெரியவில்லை. முதல் சுற்றில் தண்ணீரோடு அரிசியும் தரையில் கொட்டியது. சங்கரவடிவு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சாமி தன் சட்டியில் செய்து காட்டினார். சட்டியை லேசாகச் சுழற்ற வேண்டும். அரிசி மேலே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துப் பாத்திரத்தில் சரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கல்லும் கூடவே போய்விடும்.

மூன்றாவது சட்டியில் அவருக்குக் கை வந்துவிட்டது. அடியில் இரண்டு கறுப்புக் கல் நின்றது. அடுத்த சட்டியில் மூன்று. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

திடீரென்று உலகநாதன் விரல் நுனியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைக் கல். அரிசி நீளம், அரிசி நிறம்.

"அச்சு அசல் அரிசி மாதிரியே இருந்துச்சு சாமி. நான் விடலையே!"

அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாமி கையை நீட்டி அந்தக் கல்லை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் இடப்பக்கத்துப் பல்லைத் தொட்டுக்காட்டி, இந்தக் கல்லின் அண்ணன்தான் அன்றைக்குச் சோற்றில் வந்தவன் என்றார். நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் திண்ணமாய் அரைப்படி அரிசி தரையில் சிந்தியிருக்கும்.

அஞ்சு மணி பஸ் ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்குக் கேட்டது. அவர் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பையை மெதுவாக எனக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அண்டாவில் கடைசி அரிசி வரும்போதுதான் அவருக்குப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. பிழை திருத்துகிறவர் அல்லவா, சும்மா விட முடியவில்லை.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும் சாமி. முப்பத்திரண்டாம் பக்கத்துல எந்த எழுத்தைப் போடட்டும்? சின்ன ரியா, பெரிய றியா?"

சாமி சங்கரவடிவு பக்கம் திரும்பினார்.

"வடிவு, நீ கண்ணை மூடிக்கோ. உலகநாதா, நீ ரெண்டையும் சொல்லு."

உலகநாதன் மடியில் சட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். வித்தியாசம் காட்டிவிட வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"அரி."

பிறகு பல்லுக்குப் பின்னால் நாக்கை அழுத்தி, கழுத்து நரம்பு தெரிய,

"அறி."

"இதுல எது சின்னது, எது பெரிசு?" என்று சாமி வடிவிடம் கேட்டார்.

சங்கரவடிவு கண்ணைத் திறக்காமல் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் சாமி கேக்கு."

சாமி தன் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அரிசியைச் சரித்தார்.

"எனக்கும் அப்படித்தான் கேக்கு."