செவத்தாவோட நடைப்பாட்டு

பெரியம்மா தோள்ல தலையை வெச்சுக்கோ. அப்பப்போ "ம்" கொட்டு, என்ன?

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்துக்கு நடுவுல ஒரு மணல்மேடு. அது ஒரு பக்கம் வரப்பு மாதிரி நீண்டு போயி கரையைத் தொடும். அந்த மேட்டுல ஆள்காட்டிக் குருவிங்க கூட்டமா இருந்துச்சு. யாராச்சும் வந்தா "கிட்-கிட்-கிரீ"ன்னு கத்தி எல்லாரையும் உஷார் பண்ணும். அதான் அந்தப் பேரு.

அந்தக் கூட்டத்துல செவத்தான்னு ஒரு குருவி. அதுக்குத் திக்குவாய். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அப்புறம் அங்கேயே நின்னுக்கும்.

ஒரு நாள் செவத்தாவோட காவல் முறை. புதருக்குள்ள சரசரன்னு சத்தம். கீரி! செவத்தா "கி... கி... கி..."ங்குது. அதுக்குள்ள கீரி ஒரு முட்டையை உருட்டிக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் இன்னொரு நாள், மேல பருந்து வட்டமடிக்குது. அப்பவும் "கி... கி..." தான். நல்லவேளை, வேற குருவி பாத்துக் கத்துச்சு.

காவலுக்குப் பெரியவ நெட்டைக்காலி அத்தை. அது சொல்லுச்சு, "உம்மேல கோவம் இல்ல செவத்தா. ஆனா காவல் வேணாம். நீ குஞ்சுங்களை மேய்ச்சுக்கிட்டு இரு."

செவத்தா தலையை மட்டும் ஆட்டுச்சு. "சரி"ன்னு சொல்லக்கூட வாய் வரலை.

ம்?

அப்புறம் தினமும் குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டு, வரப்பு வழியா கரைக்குப் பூச்சி பொறுக்கப் போகும். அங்க காரின்னு ஒரு எருமை மேயும். கழுத்துல மணி. அது நடந்தா டங்... டங்... டங்... செவத்தா அந்தத் தாளத்துக்குக் காலை வெச்சு நடந்துச்சு. நடக்க நடக்க உள்ளுக்குள்ள ஒரு ராகம் ஊறுச்சு. தானா வாயைத் திறந்துச்சு.

"வா வா சின்னக்காலு,
வரப்பு மேல வா..."

எருமை நின்னுருச்சு. "ஏ செவத்தா, இப்போ நீ திக்கவே இல்லையே?"

"நா... நா... நானா?"

பேசினா திக்குது. பாடினா தண்ணி மாதிரி ஓடுது. செவத்தா இன்னொரு தடவை பாடிப் பாத்துச்சு, திக்கவே இல்ல. அன்னையிலேர்ந்து அது பாடிக்கிட்டே போகும், குஞ்சுங்க பின்னாலயே குடுகுடுன்னு வரும்.

அப்போ ஒரு விடியக்காலை. தூரத்து மலையில பெருமழை பேஞ்சது இங்க யாருக்கும் தெரியாது. ஆத்துல "ஹோ..."ன்னு வெள்ளம் வருது. நெட்டைக்காலி அத்தை "கிட்-கிட்-கிரீ"ன்னு கத்துச்சு. பெரிய குருவிங்க எல்லாம் குபீர்னு பறந்துருச்சு. குஞ்சுங்களுக்குப் பறக்கத் தெரியாதே. அந்தச் சத்தம் கேட்டா, பருந்து கண்ணுல படாம, மண்ணோட மண்ணாப் படுத்துக்கறதுதான் அதுங்க பழக்கம். படுத்துக்கிச்சு. அத்தை பயந்துபோயி கத்தக் கத்த, அதுங்க இன்னும் அழுந்திப் படுக்குது. தண்ணி சளக் சளக்னு ஏறுது.

செவத்தா கீழ எறங்குச்சு. "க... க... கத்தா..." கத்தாதீங்கன்னு சொல்லப் பாக்குது, வரலை. கண்ணை மூடிக்கிச்சு. டக்... டக்... டக்குனு காலால மணலைத் தட்டுச்சு. பாடுச்சு.

"வா வா சின்னக்காலு..."

அத்தை அப்படியே வாயை மூடிக்கிச்சு. வெள்ளத்துச் சத்தத்துக்கு மேல அந்த ஒத்தைக் குரல் மட்டும். மண்ணுலேர்ந்து முளைச்ச மாதிரி ஒரு குட்டித் தலை எந்திரிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் பாத்தா, மணலே எந்திரிச்சு நடக்குற மாதிரி, வரிசையா, வரப்பு மேல... அதே மேட்டுல பக்கத்துல இருந்த, மீன் பிடிச்சுத் திங்கிற ஆலாக் குருவியோட குஞ்சுங்களும் சேந்துக்கிச்சு. யாருக்குப் பாடின பாட்டுன்னு அதுங்களுக்கு என்ன தெரியும்?

கடைசிக் குஞ்சு கரையில கால் வெச்சுது. திரும்பிப் பாத்தா மேடு இல்ல, வரப்பு இல்ல, எல்லாம் தண்ணி. எருமைகூட அசைபோடறதை விட்டுட்டு நின்னுச்சு.

அத்தை மெதுவா கிட்ட வந்துச்சு. "அது என்ன பாட்டு செவத்தா?"

"அ... அ..."

முன்னெல்லாம் யாராச்சும் குறுக்க பூந்து வார்த்தையை முடிச்சுருவாங்க. இப்போ அத்தனை குருவியும் மூச்சுவிடாம காத்துக்கிட்டு நின்னுச்சு. செவத்தாவும் அவசரப்படலை.

"அ... அது... ந... நடக்குற பாட்டு அத்தை."

முழுசா, தானே சொல்லி முடிச்சுது.

அவ்வளவுதான் கண்ணு, கதை கரையேறிருச்சு. நீ தூங்கு.