கன்னார் தெருவில் பத்து நாள்

முன்னொரு காலத்தில் பொன்வயல்கோட்டையைக் குலவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவரைக் கண்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒருநாள் நகர்வலம் போனவன், பாத்திரம் அடிக்கும் கன்னார் தெருவில் ஓர் அழகான செப்பு அண்டாவைப் பார்த்து, அதை அடித்துக்கொண்டிருந்த பெரியவர் குமரேசரைக் கூப்பிட்டான். மூன்று தடவை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. அரண்மனைப் பாத்திர வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த பிரதானி கேசவராயர், "திமிர், மகாராஜா. நாடு கடத்துங்கள்" என்று தூபம் போட்டார்.

மறுநாள் சபையில் குமரேசர் ஒவ்வொருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார். மனைவி ஆவுடையம்மாள்தான் பேசினாள். நாற்பது வருஷச் சுத்தியல் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு பேத்திகளின் பேச்சு. மாற்றிப் பதில் சொன்னால் ஊர் சிரிக்கிறதென்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். இப்போது தன்னோடுகூடப் பேசுவதில்லை என்றாள்.

எல்லாம் நடிப்பு, சத்தம் கேட்டு யாருக்காவது காது போகுமா என்றார் ராயர்.

"அப்ப ஐயா எங்க பட்டறையில பத்து நாள் உட்காரட்டும், மகாராஜா. அப்புறம் எங்களை நாடு கடத்துங்க" என்றாள் ஆவுடை.

சபையில் மறுக்க வழியில்லை. ராயர் போனார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சுத்தியல் விழும் பட்டடைக்கல்லுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஆசனம்.

பதினோராம் நாள் ராயர் சபைக்கு வந்தார். குமரேசரும் ஆவுடையும்கூட வந்திருந்தார்கள். ராஜா அவருக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. மூன்றாம் தடவை, "கூப்பிட்டும் திரும்பாதவருக்கு என்ன தண்டனை?" என்று கேட்டான்.

"தண்ணீரா? இப்போதுதான் குடித்தேன், மகாராஜா."

சபை சிரித்தது. ஆவுடை சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவள் கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறாள்.

"ஐயாவுக்கு நாலு நாளில் சரியாகலாம், மகாராஜா. இவருக்கு ஆகாது" என்றாள்.

ராஜாவின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. சுத்தியல் பிடிக்கும் எல்லோரும் மெழுகு தோய்த்த பஞ்சைக் காதில் வைக்க வேண்டும், பிற்பகலில் இரண்டு நாழிகை பட்டறைகள் ஓய வேண்டும், அந்தப் பஞ்சைத் தெருவெங்கும் கொண்டுபோய்க் கொடுப்பது கேசவராயரின் வேலை என்று உத்தரவிட்டான். பிறகு குமரேசரிடம் போய், அரண்மனைக்குப் பாத்திரம் செய்து தருவீரா என்று அவர் காதில் கத்தினான்.

"கத்த வேண்டாம், மகாராஜா. முகத்தைக் காட்டி நிதானமாச் சொல்லுங்க, புரியும்" என்றார் குமரேசர்.

ராஜா அவருக்கு எதிரே வந்து நின்று, மெதுவாக மறுபடி கேட்டான்.