கட்டுப்பாட்டை மீறிய போல்ட்

உப்படிக்கரை தோழர்கள் பட்டறைக்கு இந்த ஊர் இழைத்த அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: ஒரு பேருந்துக்கு எண்ணெய் மாற்றச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற லாரியின் எண்ணெயோடு மாற்றிக் கொடுத்தார்கள். ஓட்டுநர் வைதார்.

இரண்டாவது: ரேடியேட்டர் ஒழுகுவதை நிறுத்தச் சொன்னார் ஒருவர். தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு, ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் திருப்பிக் கொடுத்தார்கள். நன்றி வரவில்லை.

மூன்றாவது: கார் இடப்பக்கம் இழுக்கிறது என்றார் தலைமையாசிரியர். வலப்பக்கம் நான்கு சிமெண்ட் மூட்டை ஏற்றினார்கள். மனிதர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார், மூட்டைகளோடு.

நான்காவதுதான் ரோசம்மா விவகாரம்.

துறைமுகத்துக்கு ஐஸ் பாளங்கள் ஏற்றிப் போன அவள் லாரி, பட்டறை வாசலில் கடகடவென்று அடித்து நின்றது. எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுகள் வளைந்திருந்தன. கம்பெனி ராடு கிடைக்காமல், வெளித் தயாரிப்பு ராடுகள் நான்கை, அவற்றின் அடிமூடிகளோடு வாங்கி வந்தாள் ரோசம்மா.

"கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லுதேன் அண்ணாச்சி. ராடுல ஒரு நம்பர் அடிச்சிருக்கு. அதே நம்பர் உள்ள மூடிதான் அதுக்குச் சேரும். மாத்திப் போட்டா எஞ்சின் செதறிரும். போல்ட்டை இந்த ரெஞ்சால முறுக்கணும், 'டிக்'னதும் நிறுத்திரணும். ஐஸ் கரையறதுக்குள்ள முடிச்சிருங்க. படகெல்லாம் மீனோட நிக்கி."

சொல்லிவிட்டு, படகுக்காரர்களைச் சமாதானப்படுத்த ஓடினாள்.

பட்டறைச் செயலாளர் சந்தியாகு மூன்று முறை சிறை சென்றவர். அவர் தீர்மானம் போடாமல் அங்கே ஒரு ஸ்பேனரும் அசையாது. முதல் தீர்மானப்படி, ஐஸ் கரைகிறதா என்று பார்க்க உறுப்பினர் இசக்கி நியமிக்கப்பட்டார். அவர் பாளங்களை மூடியிருந்த சாக்கை விலக்கி, வெயிலில் நன்றாகப் பார்த்து, "இன்னும் இருக்கு தோழர்!" என்று குரல் கொடுத்தபடி இருந்தார்.

ராடுகளில் அடித்திருந்த எண்களைச் சந்தியாகு விரல் வைத்துப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!

"பிறக்கும்போதே மேல கீழன்னு முத்திரை குத்திருக்கான் பாத்தீங்களா?"

"நம்பர் பாத்து ஜோடி சேக்கணுமாம்," என்றார் தலைவர் கொம்பையா. "சாதகம் பாக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அழிச்சிருவோமா?" என்றார் இன்னொரு உறுப்பினரான மரியசிலுவை, அரத்தைத் தேடியபடி.

எண்கள் ஒருமனதாக ராவி ஒழிக்கப்பட்டன. மூடிகள் கைக்கு வந்த ராடுகளோடு சேர்ந்தன. சந்தியாகு வாழ்த்துரை வழங்கினார். அது சற்று நீண்டுவிட்டது.

"பாதி இருக்கு தோழர்!" என்றார் இசக்கி.

பிறகு முறுக்கினார்கள். ரெஞ்ச் 'டிக்' என்றது.

"நிறுத்தணும்லா?" என்றார் மரியசிலுவை.

"சொன்னது யாரு? ரெஞ்சு. அது ஒரு ஓட்டு. நாம மூணு பேரு இருக்கோம்," என்றார் சந்தியாகு.

வாக்கெடுப்பு நடந்தது. இன்னும் முறுக்க மூன்று, நிறுத்த ஒன்று. ரெஞ்சின் மாற்றுக் கருத்து மரியாதையோடு கேட்கப்பட்டது. மீண்டும் முறுக்கினார்கள். மீண்டும் 'டிக்'.

"ஏய், கூச்சல் போடாத. உனக்கும் வாய்ப்பு உண்டு," என்று கொம்பையா அதைக் கண்டித்தார்.

நான்காவது வாக்கெடுப்பின் முடிவை நிறைவேற்றும்போது போல்ட் படீரென்று முறிந்தது. அதன் தலை வாசல் வழியாகப் பறந்து இசக்கியின் காலடியில் விழுந்தது.

"வெளிநடப்பு!" என்று அலறினார் கொம்பையா.

"தோழர்! ஐஸ் முழுசா கரைஞ்சிட்டு. நல்லா பாத்துட்டேன்!" என்றார் இசக்கி, தண்ணீரில் நின்றபடி.

அப்போதுதான் ரோசம்மா ஆறு படகுக்காரர்களோடு வந்தாள். காலில் தண்ணீர் பட்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என் பொழப்பைக் கெடுத்தது எவன்? பேரைச் சொல்லணும். சாட்சிக்கு ஆளு கொண்டாந்திருக்கேன்."

சந்தியாகு தலைகுனிந்தார். காவல் நிலையத்தில் அடி வாங்கியபோதும் ஒரு தோழர் பெயரை அவர் சொன்னதில்லை. ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே! தண்ணீரில் கிடந்த போல்ட் தலையை எடுத்துக்கொண்டு, காலியான லாரியின் மேல் ஏறினார். தொண்டையைச் செருமினார்.

"பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படாமல் பாதியில் வெளியேறி, பட்டறைக்குக் களங்கம் விளைவித்தவரை, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்குகிறோம். அவர் பெயர்..."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போல்ட் தலையில் கம்பெனி பொறித்திருந்த தரக்குறியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சாட்சிகள் ஆறு பேருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"பன்னிரண்டு புள்ளி ஒன்பது!"